ஐரிஸ் அக்கா கேட்ட கசெற்

தொண்ணூற்று நாலாம் ஆண்டில் எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் யாருக்காவது பிணை நின்றவர்கள்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுக் கொழும்புப் பக்கம் போவதற்கு, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால், போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இன்னொருவர் இங்கே நிற்க வேண்டும். போனவர் வரும்வரை நின்றவர் அசைய முடியாது. போனவர் வராமலே விட்டால் நின்றவர் நின்றதுதான். என் கொழுந்தன் கனகலிங்கம் தன் மகனுக்கு நின்றான். மகன் நோர்வேயில் பனி வழித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு நல்லம்மா மருமகனுக்கு நின்றாள். ஐரிஸ் அக்கா தம்பி கிளரன்சுக்கு நின்றார்.

மானிப்பாயில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு ஐரிஸ் அக்காவுடையது. அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். கிறிஸ்மஸ் கேக் இந்தப் பக்கமும் பொங்கல் அந்தப் பக்கமும் வேலியில் ஆள் நுழையும் பொட்டால் போய்வரும். தாய் சாகும்போது கிளரன்ஸ் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவன், அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு தீத்தியதும் சப்பாத்துக் கட்டிவிட்டதும் அவர்தான். அவருக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் இவன் சின்னப்பிள்ளை என்ற காரணத்தால் தள்ளிப்போய், தள்ளிப்போய், கடைசியில் இல்லாமலே போயின.

பட்டணத்து ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அக்காவுக்கு வேலை. தலையில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஊர்க்காரரின் குரல்களை ஒன்றோடொன்று தொடுத்துவிட்டவர். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எந்த டாக்குத்தர் மனைவியோடு எந்தக் குரலில் பேசுகிறார், எந்தக் கடைக்காரர் பொய் சொல்லும்போது இருமுகிறார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. சண்டையில் ரெலிபோன் செத்தது. மின்சாரமும் செத்தது. காதைக் கொண்டே சீவித்த மனுசிக்குக் காதும் மெல்ல மெல்லச் சாகத் தொடங்கியது.

உள்ளே இருக்கிற சின்ன எலும்பு ஒன்று இறுகிக்கொண்டு வருகிறதாம். டாக்குத்தர் கவட்டுக் கம்பி ஒன்றைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தபோது அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தபோது தெளிவாகக் கேட்டதாம். ஒப்பரேஷன் செய்தால் திரும்பக் கேட்கும், ஆனால் அது கொழும்பில்தான், பிந்தினால் பிறகு பலனிராது என்று அவர் சொன்னார். அக்கா பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனார். நீங்கள் யாருக்குப் பிணை நின்றீர்களோ அவர் இன்னும் வரவில்லையே, அவர் வந்த பிறகு வாருங்கள் என்று பொறுப்பாளர் மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்.

கிளரன்ஸ் மனைவிக்கு வைத்தியம் என்று மூன்று மாத பாஸில் போனவன். கொழும்பிலிருந்து முதலில் இரண்டு கடிதம் வந்தது, மருந்து முடியவில்லை என்று. மூன்றாவது கடிதத்தில் கனடா முத்திரை இருந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நான் அவனைத் திட்டாத நாள் கிடையாது. அக்காவுக்கு முன்னால் திட்டினால் அவர் கேட்காத மாதிரி இருப்பார். காது கேளாததில் அந்த ஒரு வசதி உண்டு.

இப்படி இருக்கும்போதுதான், பென்ஷன் அலுவலாகக் கொழும்புக்குப் போய்வந்த தபால்காரர் சூசைதாசன் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். கனடாவிலிருந்து யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து கொடுத்ததாம்.

"அக்காட்டைக் குடுக்கச் சொன்னது. வேறை ஒண்டும் சொல்லேல்லை," என்றார் சூசைதாசன்.

உறையில் ஒரு படம். தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள், கிளையெல்லாம் தாடிபோலப் பாசி தொங்குகிறது, நடுவில் ஆளில்லாத ஒரு வள்ளம். அமெரிக்காவின் தெற்கே சதுப்பு நாட்டில் நடக்கிற ஏதோ தொலைக்காட்சி நாடகத்துக்குப் போட்ட பின்னணி இசை என்று அக்கா வாசித்துச் சொன்னார். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் இசை. ஆசுப்பத்திரிக்குப் போக வழியில்லாமல் இருக்கிற அக்காவுக்கு நாடகத்துக்குப் போட்ட இசையை அனுப்பியிருக்கிறான், அதுவும் நாடகம் இல்லாமல். நான் வாய்விட்டே திட்டினேன்.

ஆனால் அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது. கசெற்றின் மேல் விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். அங்கே இருக்கும் ஓட்டைகளில் ஒன்றின் ஓரத்தில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. கம்பனிக் கசெற் என்றாலும் அந்த ஓட்டையைக் கடதாசியால் அடைத்தால் நம் குரலைப் பதியலாம் என்பது அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வெளிநாட்டில் இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதில் கசெற்றில் கதைத்து அனுப்பிய காலம் அது. வழியில் சோதனைக்காரர் போட்டுக் கேட்பார்கள் என்று பயந்து, முன்னுக்கு நாலு பாட்டு விட்டு, நடுவில் கதையை ஒளித்துவைப்பார்கள். ஜேர்மனியிலிருந்த என் மச்சான் ஒருவன் பிள்ளையார் பாட்டுக் கசெற் அனுப்பினான். நாங்கள் அதைச் சாமி அறையில் வைத்து விபூதி பூசினோம். நெடுநாள் கழித்து ஒரு விரத நாளில் முழுவதும் ஓடவிட்டால், நாலாவது பாட்டுக்குப் பிறகு அவன் தனக்கொரு கலியாணம் பொருந்திவந்திருப்பதாகவும் சம்மதமா என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் அவனுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது.

"அவன் முகத்துக்கு நேரை கதைக்கமாட்டான், பூரணம். சின்னனிலையும் அப்பிடித்தான், கதவுக்குப் பின்னாலை நிண்டுதான் குற்றத்தைச் சொல்லுவான். உதுக்குள்ளை எங்கையோ நிக்கிறான்," என்றார் அக்கா.

வருவானா, வரமாட்டானா என்ற ஒரு வார்த்தைதான் அவருக்குத் தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடிக்கத் தன் காது போதாது என்பதால் என் காதைக் கேட்டார். நானும் சரி என்றேன்.

அக்காவிடம் கசெற் போட்டுக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது, பற்றரி இல்லை. பற்றரி குடாநாட்டுக்குள் வர அரசாங்கம் விடாத சாமான். என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவருடைய சைக்கிள் என்னிடம் சும்மா நின்றது. கனகலிங்கம் றேடியோ திருத்துகிறவன். அவன் வந்து சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, நடுவில் என்னவோ ஒன்றைப் பூட்டிப் பெட்டியில் கொழுவிவிட்டான். ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். அக்கா பெட்டியைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தார். நாலு வருடமாகப் பின்னல் துணி போர்த்தபடி இருந்த தொலைக்காட்சி அது. படம் வராவிட்டாலும் அந்த இசைக்கு உரிய இடம் அதுதான் என்றார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தேன்.

முதலில் தவளைகள். பிறகு தண்ணீரில் யாரோ மெல்ல இறங்குகிற சத்தம். பிறகு ஒரு கிற்றார். வாசித்தவன் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அடுத்த கம்பியைத் தட்டுகிறான் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், முன்பு காங்கேசன்துறையில் கப்பல் ஊதுவதுபோல ஒரு பெரிய வாத்தியம் விடாமல் உறுமியது. இடைக்கிடை ஒரு பெண் வாய் திறக்காமல் முனகினாள். நான் களைத்து மெல்ல மிதித்தால் அவளும் ஆண்குரலாகித் தண்ணீருக்குள் அமிழ்ந்துபோனாள். பயந்து வேகமாக மிதித்தால் மேலே வந்தாள். உந்த இசையைக் கேட்டால் மாடு பால் சுரவாது என்று கனகலிங்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. கிளரன்சின் குரல் இல்லை.

அக்கா விடவில்லை. வேகமாக மிதித்ததில் தவறியிருக்கும் என்றார். அடுத்த நாள் பின்னேரமும் மிதித்தேன். அதற்கடுத்த நாளும். டாக்குத்தரின் கவட்டுக் கம்பி ஞாபகம் வந்ததோ என்னவோ, பிறகு அக்கா பெட்டியைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துக் காதுக்குப் பின் எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அடியில் உறுமுகிற வாத்தியம் பல்லுக்குள் கேட்கிறது என்றார். காற்றில் வந்தால் கேட்காத சத்தம் எலும்பால் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளில் இருந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உறையிலிருந்த தலைப்புகளைத் தமிழில் சொன்னார். கலங்கல் தண்ணீர். வள்ளம் திரும்பவில்லை. பாலத்துக்குக் கீழே. தண்ணீர் ஏறுகிறது. நாங்கள் பார்க்காத நாடகத்தை நாங்களே கட்டத் தொடங்கினோம். வள்ளத்தில் போனவன் யார், முனகுகிறவள் யார் என்று வழக்காடினோம். அவள் பெண்சாதி என்றேன் நான். பெண்சாதி என்றால் இப்படிப் பொறுமையாக முனகமாட்டாள், அவள் தமக்கை என்றார் அக்கா. எனக்கு அந்த இசையில் ஒரு வெறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. எந்தப் பாட்டும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் போய் முடியும். இது போகவேயில்லை. நின்ற இடத்தில் நின்று சேற்றைக் கலக்கியது. எங்களைச் சுற்றியும் தண்ணீர்தான். தரைவழியான ஆனையிறவு அடைபட்டிருந்தது, கிளாலியில் ஏரியைக் கடக்கிற வள்ளத்துக்கு உயிர் நிச்சயமில்லை. அந்தக் கடவையைப் பிடிப்பதற்கும் பாஸ். மிதித்து மிதித்து ஒரு அடியும் நகராத சைக்கிளில் இருந்துகொண்டு அதைக் கேட்பதைவிட ஒரு மறியற்சிறை உண்டா?

இரண்டாம் பக்கத்தில் ஓரிடம் இருந்தது. பாலத்துக்குக் கீழே என்ற துண்டு நடுவில் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, டைனமோ இரைச்சல் மட்டும். பிறகு திடீரென்று அதே இசை பாதியிலிருந்து தொடரும். இந்த இசை செய்தவனுக்கு இதுவும் ஒரு பகிடி போலும் என்று நான் நினைத்தேன். அக்கா மட்டும் அந்த இடம் வரும்போது பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

ஆவணி பிறந்தது. ஒரு நாள் நான் சேலையைச் செருகிக்கொண்டு போனபோது அக்கா பெட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"காணும், பூரணம். உதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை," என்றார்.

அழவில்லை. கிளரன்சைக் குறை சொல்லவுமில்லை. நான் வழமைக்கு மாறாகச் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது, அன்றைக்கு வலக் காதும் மோசம். வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு, அதை அணைத்துவிட்டு, கனகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போனேன். ஐரிஸ் அக்காவுக்கு யார் நின்றால் விடுவீர்கள் என்று கேட்டேன். கிளரன்சின் பாரத்தையும் சேர்த்து ஏற்கிற ஒருவர் நின்றால் டாக்குத்தர் எழுதிய துண்டைப் பார்த்து மூன்று மாதம் கொடுக்கலாம் என்றார் பொறுப்பாளர்.

"நான் நிக்கிறன்," என்றேன்.

கனகலிங்கம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். "மச்சாள், உங்களுக்கு விசரே? தைக்குள்ளை அருந்ததிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. உவ வராமல் விட்டால் நீங்கள் பேரப்பிள்ளையைப் படத்திலைதான் பாப்பியள்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. என் ஒரே மகள் அருந்ததி வெள்ளவத்தையில், தலைப்பிள்ளை, புருசன் கப்பலில் வேலை. அந்த நேரத்தில் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் பிறகு என்ன தாய்? எனக்கு நிற்கவும் ஒருவரும் இல்லை. கனகலிங்கமும் நல்லம்மாவும் ஏற்கனவே நின்றவர்கள். ஆனாலும் பெட்டியைத் துணியில் சுற்றிவைத்த அக்காவின் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. திரும்ப உள்ளே போய்க் கையெழுத்து வைத்தேன்.

அக்கா புரட்டாதியில் புறப்பட்டார். மார்கழி முடியமுதல் வருவேன் என்றார். கசெற்றையும் பெட்டியையும் என்னிடம் தந்துவிட்டு, கிளாலிக்குப் போகும் வானில் ஏறினார்.

ஐப்பசியில் செய்தி வந்தது, ஒப்பரேஷன் நன்றாக நடந்துவிட்டது என்று. கார்த்திகையில் இன்னொரு செய்தி வந்தது, கனடாவுக்கு எடுப்பதற்குக் கிளரன்ஸ் அலுவல் பார்க்கிறான் என்று. அதைக் கொண்டுவந்த சூசைதாசன் சந்தோசமாகத்தான் சொன்னார். போகட்டும், அவரும் மனுசிதானே, இவ்வளவு காலம் ஒருவனுக்காக நின்றவர் இனியாவது போகட்டும் என்று வாயால் சொன்னேன். மனம் அருந்ததியின் வயிற்றை நினைத்துத் துடித்தது. மழை பிடித்துக்கொண்டது. வளவெல்லாம் தண்ணீர் நின்றது, கிணற்றடியில் தவளை கத்தியது.

ஒரு பின்னேரம் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அக்கா போகமுதல் கசெற்றை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாரே, எனக்கு ஏதும் சொல்லிப் பதிந்துவிட்டுப் போயிருப்பாரோ? முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை? அந்தக் குடும்பத்துக் குணம் தெரிந்ததுதானே. சைக்கிளை விறாந்தையில் ஏற்றினேன். தவளையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது வரை இரண்டு பக்கமும் மிதித்தேன். அக்காவின் குரல் இல்லை. அடுத்த நாளும் மிதித்தேன், மெதுவாக, ஒருவேளை வேகத்தில் தவறியிருக்கலாம் என்று. எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் மிதிப்பதை விடவில்லை.

மார்கழிக் கடைசியில் அப்படி மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் படலை திறந்தது. ஐரிஸ் அக்கா முழங்கால்வரை சேறோடு நின்றார். நான் கால் வைத்தது வைத்தபடி நிறுத்தினேன். முனகிக்கொண்டிருந்த பெண் தண்ணீருக்குள் போய் அமிழ்ந்தாள்.

"ஒழுங்கை முகப்பிலையே கேட்டிட்டுது," என்றார் அக்கா. அவர் இப்போது மெல்லக் கதைத்தார்.

நான் இறங்கிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கனடா என்னாச்சு, ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"நான் வராட்டில் நீ உந்தச் சைக்கிளிலை இருந்து என்ரை குரலைத் தேடிக்கொண்டிருப்பாய், பூரணம். தேடினாப் பிறகு ஒண்டும் இல்லையெண்டு தெரியேக்கை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

பிறகு கொண்டையை அவிழ்த்தார். உள்ளே நாலு சின்னப் பற்றரி. ஓமந்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளாலிவரை சோதனைக்காரர் எல்லோரும் தடவிப் பார்த்த பையில் ஒன்றும் இல்லை. அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற வேதக்காரப் பெண்ணின் கொண்டையை ஒருவரும் தடவவில்லை. கனகலிங்கத்தின் வயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பற்றரியைப் போட்டார். முதன்முதலாக அந்த இசை டைனமோ இரைச்சல் இல்லாமல், ஆட்டம் இல்லாமல் ஓடியது. நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் வேகமாக இருந்தது. துக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அக்கா இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, பாலத்துக்குக் கீழே நின்றுபோகிற இடத்துக்கு ஓடவிட்டார்.

கொழும்பில் அவர் கிளரன்சோடு ரெலிபோனில் கதைத்தாராம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் அவன் அந்தக் கசெற்றின் ஓட்டையை அடைத்தானாம். பொத்தானை அமத்திவிட்டு இருந்திருக்கிறான். வாய் வரவில்லை. கடைசியில் கடதாசியைக் கிழித்தெடுத்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டான்.

இரைச்சல் இல்லாத அந்த வெறும் இடத்தில் முதலில் ஏதோ இயந்திரம் மெல்ல மூச்சுவிடுகிற சத்தம். குளிர்ப்பெட்டியாக இருக்கும். பிறகு ஒரு ஆள் மூச்சு. ஒரு தரம் தொண்டையைச் செருமினான். கதிரை கிரீச்சிட்டது. பிறகு டக்கென்று இசை.

"அவன்தான். பொய் சொல்ல வெளிக்கிட்டால் முதல் செருமுவான். ஆனால் பொய் சொல்லேல்லை, பார்," என்றார் அக்கா.

அவர் அந்தத் துண்டைத் திரும்பவும் ஓடவிட்டார். பெட்டி மடியில்தான் இருந்தது, எலும்பில் வைக்கவில்லை. கன்னத்தால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. கிளரன்சைத் திட்டுவதற்கு நான் ஒரு நல்ல வார்த்தை எடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதை விழுங்கிவிட்டேன்.

அருந்ததிக்கு நாள் கிட்டிவிட்டது. பொங்கலுக்கு முன்னரே நான் பாஸ் கந்தோருக்குப் போனேன். உங்களுக்கு யார் நிற்பது என்று பொறுப்பாளர் கேட்டார். நான் வாய் திறக்கமுதல் ஐரிஸ் அக்கா என்னை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். கிளரன்சின் பாரம் திரும்பவும் உங்கள் தலையில்தான் விழும், இவர் வராவிட்டால் இனி உங்களுக்கு நிற்க ஒருவரும் இல்லை, தெரியும்தானே என்று பொறுப்பாளர் கேட்டார். மெல்லத்தான் கேட்டார். அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஓம் என்றார்.

அருந்ததிக்குப் பெண் குழந்தை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த மறுநாளே நான் பையைக் கட்டினேன். இன்னும் ஒரு மாதம் நில்லுங்கோ அம்மா, பாஸில் நாள் இருக்குத்தானே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் அழுதாள். அங்கே ஒருத்தி கசெற் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் பஸ்ஸுக்கு இறங்கினேன்.